தாமான் மெலாத்தியில் வாய் திறப்பு விழா

உலகத்தில் பல்லைக் காப்பாற்றுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று பல் டாக்டர்கள். அவர்கள் படித்துவிட்டுச் செய்கிறவர்கள், அதில் ஒன்றும் பெருமை இல்லை. படிக்காமலேயே செய்கிற இரண்டாம் வகையில் இதுவரை ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர்தான் கிள்ளான், தாமான் மெலாத்தி குடியிருப்பு, புளோக் பி, மூன்றாம் மாடி, திருவாளர் வேலாயுதம். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமான் மெலாத்தி வாய்நல விழிப்புணர்வுக் குழுவின் ஸ்தாபகத் தலைவர். குழுவின் வாட்ஸாப்பில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருக்கிறோம். அதில் இருநூறு பேரைக் கேட்காமலேயே சேர்த்தார் என்றால் அவருடைய சேவை மனப்பான்மை எப்பேர்ப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு டொக்கென்று போன் அலறும். ஒரு ரோஜாப்பூ, பின்னால் ஒரு சூரியன், நடுவில் அன்றைய 'மருத்துவ உண்மை'. 'மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும்.' 'பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும்.' 'ஈறில் ரத்தம் வந்தால் மகிழ்ச்சி கொள், கெட்ட ரத்தம் வெளியேறுகிறது.' எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்துக்கு மூன்று முறை, 'சொத்தைப் பல்லா? ஒரு கிராம்பை வை. உலகத்தை மற.' இதையெல்லாம் யார் எழுதினார்கள், எந்த ஊரிலிருந்து வந்தது என்று தலைவருக்கும் தெரியாது. நல்ல விஷயத்துக்கு ஊர் எதற்கு, பேர் எதற்கு? நாங்களும் ஒரு கும்பிடு படத்தைத் தட்டிவிட்டுத் தூங்கிவிடுவோம்.

அப்பேர்ப்பட்ட தலைவருக்கு இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு ஓட்டை இருந்தது. சின்ன ஓட்டை இல்லை, பட்டாணி போய் உட்காரும்.

இது அரசாங்க ரகசியம். அவருக்கும் அவருடைய கிராம்பு டப்பாவுக்கும் மட்டும் தெரிந்தது. டாக்டரிடம் போகலாமே என்பீர்கள். போவார்தான். ஆனால் டெங்கில் பக்கம் ரப்பர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது, பல் பார்க்க வந்த தாதி காலால் மிதித்து ஓட்டும் துளைக்கிற மிஷினோடு "வேலாயுதம்!" என்று பெயரைக் கூப்பிட்டாள் பாருங்கள், அன்றைக்கு எடுத்த ஓட்டம். வயது ஐம்பத்தாறு ஆகியும் இன்னும் நின்றபாடில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. மூன்று முறை யாருக்கும் தெரியாமல் தலைநகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் நேரம் வாங்கினார். மூன்று முறையும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினார். கிளினிக் கண்ணாடிக் கதவு வரைக்கும் போனார். உள்ளே இருந்து 'ஙீ' என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே கவுன்டரில் தலையை மட்டும் நீட்டி, "அடுத்த வாரம் வரேன்மா, ஒரு அவசர வேலை" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடையில் வாழை இலையில் உட்கார்ந்து கோழிப் பிரட்டலை வலது பக்கமாகவே மென்று ஒரு பிடி பிடித்துவிட்டு வீடு திரும்புவார். அந்த அவசர வேலை அதுதான்.

வலது பக்கம் மெல்லுகிற இந்தப் பழக்கத்தைத்தான் அவர் பிறகு உலகத்துக்கு வழங்கினார். 'ஒருபுற மெல்லல்' என்று பெயரும் வைத்தார். ஒரு பக்கத்துக்கு ஓய்வு, ஒரு பக்கத்துக்கு வேலை, அரசாங்க ஆபீஸ் மாதிரி. தாமானில் பலர் மென்று பார்த்தார்கள். ஆனால் அதை விடாமல் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு ஆள், அவர் மனைவி குமுதா.

குமுதாவைப் பற்றி அவருக்குப் பெருமையான பெருமை. இரண்டு வருஷமாக அவள் முறுக்கைத் தொட்டதில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது கரைந்தே போன பிறகு குடிப்பாள். ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்பாள். சோற்றை ரசத்தில் குழையப் பிசைந்து ஒரு பக்கமாக ஒதுக்கி மெதுவாக விழுங்குவாள். "எளிமை! நாக்கை எப்படிக் கட்டி வச்சிருக்கா பாருங்க" என்று சொல்லி மாய்ந்துபோவார் தலைவர்.

நிலைமை இப்படி இருக்க, குழுவின் மூன்றாம் ஆண்டு நிறைவுக்கு 'மாபெரும் வாய்நல விழா' நடத்துவது என்று முடிவாகி, தாமான் பாலாயில், அதாவது பொது மண்டபத்தில், கூட்டம் போட்டார்கள். தலைவர், செயலாளர் வாசு, மகளிர் பிரிவு உஷாராணி, லோரி ஓட்டும் கன்னையா ஆகிய நால்வர் வருகை. கூட்டம் நடத்த வேண்டிய கோரம் சரி. முதல் அரைமணி நேரம் போன கூட்டத்தின் அறிக்கையில் ஒரு காற்புள்ளியைப் பற்றி விவாதித்தார்கள்.

"டாக்டர் கிடைச்சாச்சுண்ணே," என்றார் உஷாராணி. "என் பெரியம்மா பேத்தி. டாக்டர் புனிதா. பிரிக்பீல்ட்ஸ்ல கிளினிக் வச்சிருக்கா."

தலைவர் மூன்று முறை போய்த் திரும்பிய கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த பெயர் அதுதான்.

"பிரிக்பீல்ட்ஸ் தூரமாச்சே லா. பக்கத்துல யாரும் இல்லையா?"

"இலவசமா வரா, நீங்க வேற! இப்ப விழாவைத் திறக்கிறதுக்குக் கிம்மிக் என்னன்னு சொல்லுங்க."

கிம்மிக் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு பொதுக்கழிப்பறையைக்கூடத் திறக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பொத்தானை அமுக்கினால் புகை வர வேண்டும், இல்லை கோங் மணி அடிக்க வேண்டும். பட்டம் விடலாம் என்றார் கன்னையா. பல்லுக்கும் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்றார் வாசு. அப்போதுதான் உஷாராணிக்கு அந்த ஞானம் பிறந்தது.

"டாக்டர் பாப்பாகிட்ட வாய்க்குள்ள விடுற சின்ன கேமரா இருக்கு. நம்ம புரொஜெக்டர்ல மாட்டிட்டா பல்லு பெரிய திரையில தெரியும். தலைவர் மேடையில உக்காந்து வாயைத் திறக்கணும். டாக்டர் முதல் பல்லைப் பார்ப்பா. விழா திறந்தாச்சு! எப்படி?"

"ஆஹா," என்றார் வாசு. "வாய் திறப்பு விழா! முன்மொழிகிறேன்."

"வழிமொழியறேன்," என்றார் கன்னையா.

திரை பத்தடி அகலம், அதில் அந்த ஓட்டை எத்தனை அடி வரும் என்று தலைவர் மனசு கணக்குப் போட்டது. ஆனால் தலைவர் என்றால் சும்மாவா? இருமினார், தண்ணீர் குடித்தார், எழுந்தார்.

"நான் உக்காந்தா அது சுயவிளம்பரம். பெண்களுக்கு முன்னுரிமை கொடுக்கணும். ஒருபுற மெல்லல் முறையை ரெண்டு வருஷமா கடைப்பிடிக்கிற ஒரு பெண்மணி நம்ம தாமான்லயே இருக்காங்க. என் மனைவி குமுதா."

உஷாராணி கண்ணில் நீர் ததும்பியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. குமுதாவைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அறிக்கையிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும், துணி மடித்துக்கொண்டிருந்த குமுதாவின் கை நின்றது.

"நான் வேணாங்க."

"ஏன்?"

"இல்ல... வேணாம். வேற யாரையாச்சும் உக்கார வைங்க."

"உனக்கென்ன கூச்சம்? ஒருநாளாவது பல்வலின்னு சொல்லியிருக்கியா நீ? உன் வாயைத் திறந்தா முத்து மாதிரி இருக்காது?"

குமுதா ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவர் போனை எடுத்து விழா அழைப்பிதழைக் காட்டினார். அவள் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. "சரி," என்று சொல்லிவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

தப்பித்த சந்தோஷத்தில் தலைவர் அன்றிரவே நன்றியுரையையும் தானே எழுதி முடித்தார். மனைவிக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி. அதை வாசுவிடம் கொடுத்தார். வாசு எழுதிக் கொடுத்ததை எழுத்து பிசகாமல் வாசிப்பவர். போன வருஷம், வராத பிரமுகருக்கு 'கொட்டும் மழையையும் பாராமல் வந்தமைக்கு' நன்றி சொன்னவர். அன்றைக்கு மழையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. பாலாய் நிறைந்திருந்தது. தலைவர் பூப்போட்ட பாத்தேக் சட்டையில் ஜொலித்தார். டாக்டர் புனிதா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்கிள், உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே?"

"என் முகம் கொஞ்சம் பொதுவான முகம் டாக்டர்," என்று சொல்லிவிட்டுத் தலைவர் மைக்கை நோக்கி ஓடினார்.

நாற்பது நிமிஷம் பேசினார். யானைக்குப் பல் டாக்டர் உண்டா என்று கேட்டார். நாங்கள் கை தட்டினோம். பிறகு குமுதாவை மேடைக்கு அழைத்தார்கள். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். டாக்டர் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஆன்டி, திரையில போடலாமா? உங்களுக்குச் சம்மதமா?"

"தாராளமா போடுங்க!" என்றார் தலைவர், மைக்கிலேயே.

கோங் அடித்தார்கள். குமுதா வாயைத் திறந்தாள்.

திரையில் முதலில் உதடு தெரிந்தது. அப்புறம் ஈறு, சிவந்து வீங்கி. அப்புறம் கேமரா இடது பக்கம் கீழே போயிற்று. பாலாய் முழுக்க 'ஐயோ' என்று ஒரு சத்தம். கடைவாய்ப் பல் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த பள்ளம். பள்ளத்துக்கு நடுவில் தலை மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கிராம்பு குத்தி நின்றது.

நாங்கள் எல்லோரும் நாக்கால் எங்கள் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டோம். எனக்கு இரண்டு இடத்தில் தட்டுப்பட்டது.

டாக்டர் கேமராவை அணைத்தார். திரை வெள்ளையாயிற்று. "எத்தனை நாளா ஆன்டி?"

"ரெண்டு வருஷம் இருக்கும்மா."

"தூங்குவீங்களா?"

"எப்பவாச்சும்."

"கிராம்பு கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும் ஆன்டி. வலி தெரியாது, ஆனா சொத்தை உள்ள போய்க்கிட்டேதான் இருக்கும். அப்பவே வந்திருந்தா சின்னதா அடைச்சு அனுப்பியிருப்பேன். கொஞ்சம் தாமதமா வந்திருந்தாலும் ரூட் கேனல் பண்ணி, வேரைச் சுத்தம் செஞ்சு பல்லைக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப எடுத்துத்தான் ஆகணும். பக்கத்துப் பல்லும் சந்தேகம். எடுத்தா கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. ஈறுல ரத்தம் வர்றதும் நல்லதுக்கு இல்ல, சுத்தம் பண்ணணும். பல்லு ஆடாது. இதை வைக்கச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னா?"

குமுதா தலை குனிந்துகொண்டாள். பாலாயில் இருநூறு பேரும் அவரவர் போனைப் பார்த்தோம்.

"தினமும் காலையில வரும்மா," என்றாள்.

"வீட்ல சொல்லலையா?"

"சொல்ல வருவேன். இவரு உடனே போனை எடுத்து ஒரு மெசேஜைக் காட்டுவாரு. அதுவும் இவரு தலைவரு வேற. தலைவர் வீட்லயே பல்வலின்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா? அதான்மா."

கரைந்த பிஸ்கட், குழைந்த சோறு, ஐஸ் தண்ணீர் வேண்டாம் என்றது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வேலாயுதத்தின் முன்னால் நின்றது. எளிமையாம் எளிமை! வெட்கத்தில் காது சுட்டது. அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். காற்று பட்டதும் கடைவாயில் சுரீர் என்றது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு "ஆ" என்றார்.

டாக்டர் புனிதாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. "அட! நீங்க அந்த 'அடுத்த வாரம்' அங்கிள்தானே?"

இனி ஓடுவதற்கு வழியில்லை. பின்கதவை நாற்காலி போட்டு அடைத்திருந்தார்கள், கூட்டம் அதிகம் வரும் என்று அவரே சொல்லி. குமுதா எழுந்து நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். "திரையில போடுங்க," என்று அவரே சொன்னார். அதே பக்கம், அதே பல், அதே டப்பாவின் கிராம்பு.

டாக்டர் முன்னும் பின்னும் பார்த்தார். தட்டினார். காற்று ஊதினார்.

"அங்கிள், உங்களுக்கு அதிர்ஷ்டம். வேர் உறுதியா இருக்கு. ரூட் கேனல் பண்ணி மேல ஒரு மூடி போட்டா உங்க பல்லைக் காப்பாத்திடலாம்."

வேலாயுதம் குமுதாவைப் பார்த்தார். அவள் சந்தோஷப்பட்டாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து நிகழ்ச்சி நிரலில் நன்றியுரை வந்துவிட்டது. வேண்டாம் என்று தலைவர் கையைக் காலை ஆட்டினார். வாயில் கண்ணாடியும் பஞ்சும் இருந்ததால் 'ங்ங்ங்' என்றுதான் வந்தது. வாசு மைக்கைத் தட்டி, காகிதத்தைப் பிரித்து, தலையை நிமிர்த்தாமல், எழுத்து பிசகாமல், தலைவரே எழுதிக் கொடுத்ததை வாசித்தார்.

"நிறைவாக, திருமதி குமுதா வேலாயுதம் அவர்களுக்கு நன்றி. இந்தப் பெண்மணி இரண்டு ஆண்டுகளாக ஒருநாள்கூட வலிக்கிறது என்று வாய் திறந்ததில்லை. அதற்கு முழுமுதற் காரணம் நம் தலைவர் ஒருவரே."