சமாதானம் வந்து போன வீடு

பக்கத்து வீட்டில் ஒரு முதியவரை அறைகிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பீர்களா, கூட்டுவீர்களா?

கூட்டுகிறவர்களை விடுங்கள். அவர்கள் வெறும் கோழைகள். அவர்களைவிட ஆபத்தான இனம் ஒன்று உண்டு. ஒலியைக் குறைத்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, சட்டையை மாட்டி, செருப்பைத் தேடிப் போட்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே உட்கார்ந்து, தேநீர் குடித்து, எல்லாவற்றையும் சுமுகமாக முடித்து வைத்துவிட்டு வருகிற இனம். சமாதானக்காரர். தெருவுக்கு ஒருவர் நிச்சயம். சில தெருக்களில் இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள்.

நம்முடைய ஆள் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை 'சமாதானம்' என்றுதான் சொல்லும். அது கேலி என்பது அவருக்கு மட்டும் தெரியாது. "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு", "இது குடும்ப விஷயம்", "பெத்த புள்ளை மேலேயே கேஸா?" இந்த மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு அவர் தீர்க்காத தகராறு கிடையாது. எதிர்வீட்டுக் குடிகாரன் மனைவியின் பல்லை உடைத்தபோது, பல்லின் பக்கமும் கொஞ்சம் தப்பு இருப்பதாகக் கண்டுபிடித்தவர் அவர்.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். மனைவி போன பிறகு மகனோடும் மருமகளோடும் இருந்தார். ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் வேலைக்குப் போகும்போது அவரைப் பின்னறையில் அடைத்துவிட்டுப் போனார்கள். டப்பாவில் சாப்பாடு, பாட்டிலில் தண்ணீர், மூலையில் ஒரு வாளி. பகலில் கதவைத் தட்டினார் என்று தெரிந்தால் மாலையில் மகனின் கை பேசும். வாசலில் யாரிடமாவது முறையிட்டால் மூக்குக் கண்ணாடி பறிபோகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை கொஞ்சம் உரக்கவே பேசியது. சமாதானம் செருப்பைத் தேடினார்.

"வாங்க சார்," என்றான் மகன். "அப்பாவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. நீங்களாவது புத்தி சொல்லுங்க."

"நான் பேசறேன் தம்பி. நீயும் கூடவே இரு. நமக்குள்ள ஒளிவு மறைவு எதுக்கு?"

பின்னறைக் கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. புதுசு. பித்தளை. சமாதானம் அதை விலக்கினார். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"நல்ல சாமானா இருக்கே. எங்க வாங்கினே?" என்றார்.

உள்ளே பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன.

"என்னண்ணே கையில?"

பெரியவர் மகனைப் பார்த்தார். "விழுந்துட்டேன்."

"கன்னத்துல?"

"அதுவும் அப்பத்தான்."

"வயசாச்சுல்ல, பார்த்து நடக்க வேண்டாமா? தம்பி சொல்றதை அனுசரிச்சுப் போங்க. தம்பி, நீயும் கொஞ்சம் கையை அடக்கு."

விழுந்தவருக்கு அறிவுரை, விழாத கைக்கும் அறிவுரை. தெரியாமல் பேசினாரா? எல்லாம் தெரிந்துதான் பேசினார். அடித்தவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அடிபட்டவரிடம் கேள்வி கேட்பது என்ன விசாரணை? பூனையை மடியில் வைத்துக்கொண்டு எலியிடம் வாக்குமூலம் வாங்குகிற விசாரணை. பிறகு தேநீர் வந்தது. "மேல இருக்கிறவன் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கான் தம்பி," என்று சொல்லிவிட்டு எழுந்தார். மேலே இருக்கிறவர் இதுவரை எந்தக் கோர்ட்டிலும் கூண்டேறிச் சாட்சி சொன்னதில்லை என்பது மகனுக்கும் தெரியும்.

சில வாரங்கள் கழித்துப் பெரியவரைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான் மகன். அங்கே இருந்த செவிலியர் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. "நீங்க வெளியில உட்காருங்க," என்று மகனை அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

"அய்யா, வீட்ல யாராவது உங்க மேல கை வைக்கிறாங்களா?"

பெரியவரின் இரண்டு கைகளும் மடியில் எதையோ இறுகப் பிடித்தன. வண்டி சறுக்கும்போது ஓட்டுநர் பிடிப்பாரே, அப்படி. "ரூமுக்கு வெளியில தாழ்ப்பாள் போட்டிருக்கான்மா," என்றார். மீதியும் ஒவ்வொன்றாக வந்தது. செவிலியர் போலீஸுக்குத் தகவல் சொன்னார். பெரியவர் காப்பகத்துக்குப் போனார்.

சமாதானம் காவல் நிலையத்துக்கு ஓடினார்.

"மேடம், பெத்த புள்ளை மேலேயே கேஸா? வாபஸ் வாங்க வெச்சிடலாம். நான் நேர்ல போய் அன்னைக்கே பேசி முடிச்ச விஷயம் இது."

"நேர்லயே போனீங்களா?" பெண் ஆய்வாளர் நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க சார். உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்."

வழக்கு நடந்தது. அப்பாவுக்கு மறதி, அடைத்ததெல்லாம் அவர் கற்பனை, அந்தத் தாழ்ப்பாளை யாரும் போட்டதே இல்லை என்றான் மகன். பெரியவரின் சொல்லுக்கு எதிரே மகனின் சொல். காப்பகத்தில் இடம் வழக்கு முடியும்வரைதான். தோற்றால் பெரியவர் திரும்பப் போக அந்தப் பின்னறையைத் தவிர வேறு இடம் இல்லை.

எதையும் பார்க்கவில்லை என்று சொல்லி இரண்டு பக்கத்துக்கும் நல்லவராகிவிடுவது என்ற முடிவோடுதான் சமாதானம் கூண்டில் ஏறினார். அரசு வழக்கறிஞரோ அவர் செய்த சமூக சேவையைப் பற்றி மட்டும் கேட்டார்.

"பெரியவரைப் பார்க்க யார் போனது?"

"நான்தான். தெருவுல வேற யாருக்குங்க அந்த அக்கறை?"

"அவர் எங்க இருந்தார்?"

"பின் ரூம்ல. நானே தாழ்ப்பாளை விலக்கி உள்ள போனேன்."

"எந்தப் பக்கம் நின்னு விலக்கினீங்க?"

சமாதானம் கைக்குட்டையை எடுத்தார். "வெளியில நின்னு."

"பேசி முடிச்சு வெளிய வந்தீங்களே, அப்புறம்?"

"அப்புறம் எல்லாம் சுமுகமா..."

"தாழ்ப்பாளைக் கேட்டேன்."

முன்வரிசையில் பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்.

"முன்னாடி எப்படி இருந்ததோ, அப்படியே போட்டுட்டு வந்தேன்," என்றார் சமாதானம்.

மகன் சிறைக்குப் போனான். பெரியவர் இப்போது வாடகை அறையில் இருக்கிறார், தாழ்ப்பாள் உட்பக்கம். திரும்பப் போட்ட கைக்கு மட்டும் தண்டனை இல்லை. "நான் சாட்சி சொன்னதாலதான் கேஸே ஜெயிச்சது," என்று அந்தக் கையை ஆட்டி ஆட்டித் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் சமாதானம்.

நல்லவேளை, நாம் அவர் இல்லை என்று சிரிக்கிறீர்கள், இல்லையா? உங்களுக்குத் தெரிந்த முதியவர் ஒருவரிடம், அவர் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத சமயத்தில், "எப்படி இருக்கீங்க?" என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்? சுவருக்கு அப்பால் இன்றைக்கும் சத்தம் கேட்கலாம். போங்கள். தேநீர் குடிக்க வேண்டாம். அவரைத் தனியாக வைத்துக் கேளுங்கள். போலீஸைக் கூப்பிடுங்கள். அவர்கள் உங்களைக் கூப்பிட்டால் கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொல்லுங்கள். முக்கியமாக, வெளிப்பக்கத் தாழ்ப்பாள் ஒன்றை விலக்கினீர்களானால், தயவுசெய்து அதைத் திரும்பப் போட்டுவிட்டு வராதீர்கள்.