ஜெனூபா அடைப்புக்குறி உடைத்த படலம்

வாழ்க ஜெனூபா! கல்முனை தந்த கணித வேங்கை. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு இருமுறை புறமுதுகிட்டும் மூன்றாம் முறை நீலப் பேனை ஏந்திய நிகரிலா வீராங்கனை! கணக்கில் சித்தியில்லாதவருக்கு முன்பள்ளி ஆசிரியை வேலை இல்லையென்று கையை விரித்துவிட்டார்கள்; பரீட்சையோ மறுநாள் காலை. ஆகவே அசர் தொழுத கையோடு, சாப்பாட்டு மேசையெனும் போர்க்களம் புகுந்தாள்.

எதிரே நின்றது பகை:

3(2x − 5) + 4 = 2x + 9

அடைப்புக்குறியென்னும் வளைமதிற் கோட்டைக்குள் 2x உம் 5 உம் பதுங்கியிருக்க, வாயிலில் 3 என்னும் மதயானை பிளிறியது. போர்முறை எளிது: முதலில் கோட்டையை உடைக்க வேண்டும், பின் x எல்லாவற்றையும் ஒரு பக்கமும் வெறும் எண்களை மறுபக்கமும் அணிவகுக்க வேண்டும், ஒரு பக்கத்துக்குச் செய்ததை மறுபக்கத்துக்கும் செய்யாவிட்டால் தராசு சாயும். பொறுமை மட்டும் போதும். அது ஜெனூபாவிடம் இல்லை. பாய்ந்தாள்; 6x − 5 + 4 என்று முழங்கினாள்; 4x = 10 ஆயிற்று; x இரண்டரையாய் மண்ணில் சாய்ந்தது.

புத்தகத்தின் கடைசிப் பக்கம் 5 என்றது.

"புத்தகம் பிழை!" எழுதியோர், சரிபார்த்தோர், அச்சிட்டோர் என்று ஒரு பரம்பரையே அப்பிரகடனத்தில் மாண்டது.

கணக்கில் 'ஏ' எடுத்ததைப் பத்தாண்டாய் ஊருக்கு நினைவூட்டிவரும் கணவனின் தங்கை ஸகியா எட்டிப் பார்த்தாள்.

"என்ன மச்சி, அஞ்சுக்கு மூணக் குடுக்காம உட்டுட்டீங்க?"

"ஒரு சஹன் தட்டுல கூடியிருந்து தின்ற ரெண்டு பேர்தானே? நடுவுல ஒருக்கா வெச்சாக் காணும்."

"இது கலியாணச் சாப்பாடா மச்சி? பார்சல்! ஆளுக்கொண்டு குடுக்கோணும்."

திசைகள் நடுங்கின. யானை திரும்பி 5 ஐயும் மிதிக்க, அது 15 ஆய் எழுந்தது. 6x − 11 = 2x + 9. இரு பக்கமும் 2x ஐக் கழித்து, 11 ஐக் கூட்டி, 4x = 20 என்னும் கடைசி மதிலை நான்கால் பிளந்தாள். x = 5!

"ஓம்தானே!" என்றாள். அச்சகம் உயிர் பிழைத்தது.

மறுநாள் பரீட்சை மண்டபத்தில் அவள் ஆடிய ஊழிக்கூத்தில் எத்தனை கோட்டைகள் பொடிந்தன, எத்தனை கழித்தல்கள் எல்லை தாண்டிக் கூட்டல்களாய்க் கட்சி மாறின, அழிறப்பர் எத்தனை முறை வீரமரணம் எய்தியது என்பதையெல்லாம் பாட ஆயிரம் நாவும் போதா.

கணக்கில் அவளுக்குச் சாதாரண சித்தி கிடைத்தது.