அரைப்பேரு அக்காவும் பதினெட்டுக் கிலோக் கணக்கும்

அரைப்பேரு அக்கா பக்கத்து வீட்டில் இருக்கும்வரை உலகத்தில் எந்தப் பிள்ளையாலும் ஒரு பெருக்கல் கணக்கை ஒழுங்காகச் செய்து முடிக்க முடியாது. பெரிய கணித மேதை ஒருவரைக் கொண்டுவந்து எங்கள் லயத்தில் ஒரு வாரம் உட்கார வைத்திருந்தாலும், எட்டாம் நாள் அவர் ஆறெட்டு நாற்பத்தெட்டு என்பதைச் சந்தேகத்தோடுதான் சொல்லியிருப்பார். நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள், இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். லயம் என்றால் ஒரே கூரையின்கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் வீடுகள்; அவற்றின் நடுச்சுவர் கூரையைத் தொடாது. மேலே இரண்டு முழம் இடைவெளி இருக்கும். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் இருந்து ஆயுசு நூறு என்று சொல்லலாம். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். நான் பஜாரில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். பஸ்ஸில் வந்து இறங்கி, தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, ஆறு மணிக்குப் பிள்ளைகளைக் கணக்குக்கு உட்கார வைப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அதே நேரத்தில்தான் அரைப்பேரு அக்கா மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டுவார். என் தலைவிதி.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதையையும் சொல்லவேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' போடுவார்கள். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் வேலை. ஒருநாள் நல்ல மழை. அக்கா எடுத்தது சரியான நிறை. ஆனால் கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது என்று இரண்டு கிலோவைக் கழித்து, கணக்கப்பிள்ளை அரைப் பேர் போட்டுவிட்டார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"செல்வராணி."

பதில் இல்லை. அக்கா முன்வரிசையில் அவருடைய மூக்குக்கு நேரே நிற்கிறார்.

"செல்வராணி, காது கேக்கலையா?"

"நேத்து எனக்கு அரைப் பேருதானே போட்டீங்க. அரைப் பேர மட்டும் கூப்பிடுங்க."

இப்படியே மூன்று வாரம். கடைசியில் கணக்கப்பிள்ளை தொண்டை கட்டிப்போய், "செல்வ" என்று பாதியில் நிறுத்திப் பார்த்திருக்கிறார். "இருக்கேங்க" என்று உடனே பதில் வந்ததாம். அன்றிலிருந்து லயத்தில் எல்லாருக்கும் அவர் அரைப்பேரு அக்கா. முழுப் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்தப் பிடிவாதக்காரிக்குப் பக்கத்து வீட்டில் நான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

என் மகள் கவிக்கு ஒரு பழக்கம் இருந்தது. வசனக் கணக்கு என்றால் வசனத்தை வாசிக்கமாட்டாள். இரண்டு எண்ணைக் கண்டால் பெருக்கிவிடுவாள். ஒருமுறை தாளின் மேலே இருந்த திகதியையும் சேர்த்துப் பெருக்கி, மூன்று கோழிகள் ஒரு வாரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் முட்டை இட்டதாக எழுதியிருந்தாள். நாலாம் ஆண்டு இரண்டாம் தவணையில் கணக்குக்கு நாற்பத்தொரு புள்ளி. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "மூணாந் தவணையில அறுபது எடுத்தாத்தான் புலமைப்பரிசில் வகுப்புல சேர்க்கலாம். வசனக் கணக்க வீட்டுல நல்லா செய்ய வைங்க" என்றார்.

அறுபது. அந்த எண்ணை அடுப்பங்கரைச் சுவரில் கரியால் எழுதிவைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

முதல் நாள். "ஒரு பெட்டியில் 8 மாம்பழங்கள் வீதம் 6 பெட்டிகளில் எத்தனை மாம்பழங்கள்?" கவி விரலை மடக்கத் தொடங்கினாள். சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

"எங்க உள்ள மாம்பழம், தங்கச்சி?"

"புத்தகத்துல உள்ளதுக்கா."

"கீழேருந்து லொறியில வந்ததா இருக்கும். பெட்டிக்கு ரெண்டு அழுகியிருக்கும், பாத்து வாங்கு."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு கவியைப் பார்த்தேன். அவள் எழுதி முடித்துவிட்டாள். முப்பத்தாறு.

இரண்டாம் நாள். "ஒரு பேருந்தில் 54 பேர் வீதம் 3 பேருந்துகளில் எத்தனை பேர் பயணம் செய்யலாம்?"

"இந்த ரோட்டு பஸ்ஸா? அப்ப நிக்கிறவங்க எங்க போவாங்க? மிதிபலகையில தொங்குறவங்க மனுசங்க இல்லையா?"

கவி பேனையை வைத்துவிட்டு, "அம்மா, நிக்கிறவங்க எத்தன பேரும்மா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நானே தினமும் நிற்கிறவள்.

மூன்றாம் நாள்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. எல்லாக் கணக்கிலும் வருகிற 'வீதம்' என்ற சொல்லை அக்கா பிடித்துக்கொண்டார்.

"அது யாரு, தங்கச்சி, எல்லாக் கணக்குலயும் வர்றான், வீதம்னு?"

"ஆள் இல்லக்கா. வீதம்னா ஒவ்வொண்ணுலயும் ஒரே அளவுன்னு அர்த்தம்."

அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது. பிறகு, "எல்லா நாளும் ஒரே அளவாவா? அவன் தோட்டத்துல எந்த டிவிசன்ல வேல செய்றான்?" என்றார்.

இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் ரிஷான் அன்றிலிருந்து 'வீதம் மாமா' என்று ஒருவர் இருப்பதாகவே நம்பத் தொடங்கினான். அவர் எப்போது நம் வீட்டுக்கு வருவார் என்று கேட்டான். தலையில் அடித்துக்கொண்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. நேரத்தை ஐந்தரைக்கு மாற்றினேன். அன்று அக்காவும் சீக்கிரம் வந்துவிட்டார். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அதையும் மீறிக் குரல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலில் ஏறி, பழைய உரச் சாக்குகளைச் சுருட்டிச் சுவர் இடைவெளியில் அடைத்தேன். கை கால் எல்லாம் தூசி. இறங்கி வந்து மூச்சு விட்டால், சாக்குக்குப் பின்னாலிருந்து அமுங்கிய குரலில், "என்ன தங்கச்சி, இன்னைக்கிக் கணக்கு இல்லையா?" என்று விசாரணை.

கடைசியில் நானே ஒரு கணக்கு எழுதினேன். அக்கா வாய் திறக்கவே முடியாத கணக்கு. அரைப் பக்கம் வந்தது. அதைச் சுவரைப் பார்த்துச் சத்தமாக வாசித்தேன்.

"ஒரு தோட்டத்தில் ஒரு பெண் நாளொன்றுக்கு 18 கிலோ வீதம் கொழுந்து எடுக்கிறார். மழை இல்லை. கொழுந்தில் தண்ணீர் இல்லை. சாக்கின் நிறைக்குக் கழிவு இல்லை. தராசு சரியாக இருக்கிறது. அட்டை கடிக்கவில்லை. குளவி கொட்டவில்லை. அவருக்குக் காய்ச்சல் இல்லை. கணக்கப்பிள்ளை நல்லவர். அப்படியானால் 6 நாட்களில் எத்தனை கிலோ?"

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். கவியும் பெருக்கி, நூற்றெட்டு என்று சரியாகச் சொல்லிவிட்டாள். அப்போது மெதுவாகக் குரல் வந்தது.

"அது எந்தத் தோட்டம், தங்கச்சி? அங்க எனக்கும் ஒரு பேரு பதியச் சொல்லேன்."

பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இந்தப் பிள்ளையின் படிப்பை இந்த மனுசி கெடுக்கப்போகிறாள் என்று மனதுக்குள் திட்டினேன். வெளியிலும் திட்டினேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்கக்கா. அறுபது எடுக்காட்டி இந்தப் புள்ளைய வகுப்புல சேர்க்க மாட்டாங்க" என்றேன். அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கம் அடுப்பு ஊதும் சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டது தொல்லை என்று இருந்தேன்.

பரீட்சைத் தாள் வந்தது. ஐம்பத்தேழு.

மூன்று புள்ளி குறைவு. தாளைப் புரட்டினேன். கடைசிக் கணக்கு, ஆறு புள்ளிக்கு உரியது: "ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 18 கிலோ வீதம் 6 நாட்கள் கொழுந்து பறித்தால் மொத்தம் எத்தனை கிலோ?" நான் வீட்டில் போட்ட அதே கணக்கு. நூற்றெட்டு என்று எழுதியிருந்தால் முடிந்தது. கவி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: பதினெட்டில் இரண்டு போனால் பதினாறு. பதினாறு தர ஆறு, தொண்ணூற்றாறு.

"ரெண்டு கிலோவ ஏன்டி கழிச்ச?"

"மழை இல்லன்னு கேள்வியில போடலையேம்மா."

நான் அவளை அடிக்கவில்லை. அடிக்கிற பலம் இல்லை. நேரே சுவருக்குப் போய், "கேட்டுச்சாக்கா? இப்ப சந்தோசமா?" என்று கத்திவிட்டு, நடந்ததை எல்லாம் சாக்குக்குக் கேட்கும்படி சொல்லி அழுதேன்.

மறுநாள் கவி தாளை டீச்சரிடம் திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோனாள். நான் கடையில் இரண்டு மணிநேரம் லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே பாடசாலைக்குப் போனேன். எனக்கு முன்னே அங்கே ஒரு ஆள் நின்றது. இடுப்பில் படங்குத் துணி கட்டியபடி, தலையில் மழைக்குப் போடும் சாக்குக் கொங்காணியோடு, மலைக்குப் போகிற கோலத்தில் அரைப்பேரு அக்கா டீச்சரின் மேசைக்கு முன்னால் நிற்கிறார். நான் கதவோரம் நின்றுவிட்டேன்.

"புள்ள பெருக்கினது சரியா, தப்பா? அத மட்டும் சொல்லுங்க டீச்சர்."

"பெருக்கினது சரிதாங்க. மத்த வசனக் கணக்கு எல்லாமே சரி. பெட்டிக்கு ஒரு முட்டை ஒடஞ்சிருந்துச்சுன்னு ஒரு கணக்கு. வகுப்புல அவ ஒருத்திதான் அத வாசிச்சுச் செஞ்சிருக்கா. ஆனா இதுல கழிக்கச் சொல்லிக் கேள்வியில இல்லையே."

"கேள்வியில இருக்காதுங்க. எங்ககிட்டயும் யாரும் சொல்லிட்டுக் கழிக்கிறதில்ல."

டீச்சர் தாளை இன்னொரு முறை பார்த்தார். அவரும் கீழ் டிவிசன் லயத்தில் பிறந்தவர்தான்.

"விடை தப்புங்க. முழுப் புள்ளி போட ஏலாது."

"முழுசா யாருங்க கேட்டா?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "ஆறு நாளும் ஒழுங்கா வேல செஞ்சிருக்குல்ல, புள்ள. ஒரு அரைப் பேராச்சும் போடுங்க டீச்சர்."

கணக்கப்பிள்ளையை மூன்று வாரம் கத்தவிட்ட மனுசி. தனக்கு அரைப் பேர் போட்டதற்குச் சண்டைக்கு நின்ற மனுசி. என் பிள்ளைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்கிறார். டீச்சர் தாளை எடுத்து, செய்கை சரி என்று ஓரத்தில் எழுதி, மூன்று புள்ளி போட்டார். ஐம்பத்தேழை வெட்டி அறுபது ஆக்கினார்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"பெரட்டு முடிஞ்சிருக்குமேக்கா. இன்னைக்கி உங்க பேரு?"

"மலைக்குப் போகாம பேரு எங்கேருந்து வரும்? அத விடு. போய் சீனியப் போட்டுத் தேத்தண்ணி ஊத்து. கத்திக் கத்தித் தொண்டை காஞ்சு போச்சு."

அன்று மாலை ஸ்டூலில் ஏறிச் சாக்குகளை எல்லாம் இழுத்துப் போட்டேன். ஆறு மணிக்குப் பிள்ளைகளை உட்கார வைத்துப் புத்தகத்தைத் திறந்தேன். "ஒரு கூடையில் 15 தோடம்பழங்கள் வீதம் 4 கூடைகளில்..." என்று வாசித்துவிட்டு நிறுத்தினேன். அந்தப் பக்கம் அடுப்பு எரிகிறது. ஆள் பேசவில்லை. நான் அன்று வாயை மூடச் சொன்னது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கவி என்னைப் பார்த்தாள். அந்தத் தோடம்பழங்களை யாரும் விசாரிக்காமல் பெருக்க எனக்கே மனம் வரவில்லை.

"செல்வராணி அக்கா" என்று முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன்.

அந்தப் பக்கம் அடுப்பில் விறகைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பெரட்டில் சொல்வதுபோலவே, சுவருக்கு மேலே குரல் வந்தது.

"இருக்கேங்க."

கணக்கை முதலிலிருந்து வாசித்தேன்.