மாடுகளோடு வந்த நிலைவாசல்

எங்கள் மரவீட்டைக் காண வருவோர் இப்போது மிகுந்துவிட்டனர். அவர்களுக்கு அவ்வீட்டின் வரலாற்றை எடுத்துரைப்பவர் என் கணவர். அவர் சொல்லச் சொல்ல, அவ்வரலாற்றில் நான் ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதலாக அழுகிறேன். நான் அழவில்லை. ஆதலின் நடந்ததை நடந்தவாறே எழுதிவைப்பது என் கடமையாயிற்று.

நான் பணிநிறைவு பெற்ற தமிழாசிரியை. கணவரோ அரியலூர்ச் சிமெண்டு ஆலையொன்றில் உழைத்து ஓய்ந்தவர். சிமெண்டு சுடும்போது எழும் கரிப்புகை மிகுதி என்றும், மரமோ தான் வளர்கையில் உண்ட கரியைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு தூணாக நிற்கும் என்றும் படித்தறிந்த நான், அரியலூரில் எழுப்பும் நம் வீட்டை மரத்தால் கட்டுவோம் என்றேன்.

"கரையானுக்கு வூடு கட்டப் போறியா?" என்றார் அவர். (முப்பதாண்டு சிமெண்டுத் தூசியைச் சுவாசித்தவர் வேறென்ன சொல்வார்?)

பல மாத வழக்காடலுக்குப்பின் இறங்கிவந்து ஒரு நிபந்தனை விதித்தார். "ஆடி பொறக்கறதுக்குள்ள நிலை நிக்கணும், டீச்சர். நிக்கலன்னா காங்கிரீட்டுதான். அப்பறம் பேச்சே கெடையாது." ஆனி மாதத்துக் கடைசி நல்ல நாளில், காலை பத்தரை மணிக்குள் நிலைவாசல் நிறுத்துவதென முடிவாயிற்று.

தூண்களும் பலகைகளும் அரும்பாவூரிலிருந்து சரக்குந்தில் (ஊரார் வாயில் லாரி) வந்திறங்கின. அதன் பின்னரே, மரத்தை ஏற்றிவரும் வண்டியின் புகையையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எஞ்சியிருந்தது அங்கே தச்சர் இழைத்துக்கொண்டிருந்த தேக்கு நிலை ஒன்றே. அதையேனும் புகையின்றிக் கொணர்வேன் எனச் சூளுரைத்தேன். அறிவுடைய எவளும் அந்நேரம் வாயைத் திறந்திருக்கமாட்டாள்.

அரும்பாவூர்ப் பக்கம் மாட்டுவண்டி வைத்திருந்த மருதை என்பவரைத் தேடிப்பிடித்தேன். இரு நாள் முன்னதாகவே நிலையை வண்டியில் கிடத்தி, அதன் தலைமாட்டில் குடைபிடித்து நானும் அமர்ந்து புறப்பட்டேன். முதல்நாள் பெரம்பலூர் உறவினர் வீட்டில் தங்கல். மறுநாள் பாதி வழியில் வலத்துமாட்டின் லாடம் கழன்றது. லாடம் அடிப்பவரைத் தேடியே அப்பகல் முழுதும் கழிந்தது, ஒருவரும் கிட்டவில்லை. குறித்த நாள் விடியலில், "மெதுவா நடந்தா போயிரலாம் டீச்சரம்மா" என்றார் மருதை. எட்டு மணிக்கு அரியலூர்ச் சாலையின் நடுவே அம்மாடு படுத்துவிட்டது.

எங்களுக்குப் பின்னால் சிமெண்டுச் சரக்குந்துகள் வரிசைகட்டின. ஓட்டுநர் ஒருவர் தலையை நீட்டி, "என்னம்மா, மாடு டீசல் தீந்து படுத்துருச்சா?" என்றார். அத்தனை வண்டிகளும் எஞ்சினை அணைக்காமல் உறுமி நின்றன. நான் சேமித்த புகையைப்போல் பன்மடங்கு என் கண்முன்னே வானேறியது. அதைக் கண்டே விழிகள் கலங்கின. (புகை பட்டால் எவர் விழியும் கலங்கும்.)

கைப்பேசி ஒலித்தது. "எங்க இருக்க?"

"வந்துகொண்டே இருக்கிறோம். மாடு சற்று இளைப்பாறுகிறது."

"இளைப்பாறுதா, படுத்துருச்சா?"

இணைப்பு அறுந்தது. காங்கிரீட்டுக்கு ஆள் சொல்லப் போய்விட்டார் என்றே எண்ணினேன்.

ஒன்பதேகால் மணிக்கு, மூட்டைகளை இறக்கிவிட்டு அரியலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த வெற்றுச் சரக்குந்து ஒன்று எங்கள் அருகே நின்றது. வந்தது கணவருடைய பழைய நண்பரின் வண்டி. அதிலிருந்து பட்டுவேட்டியுடன் என் கணவர் குதித்தார். அரியலூரை நெருங்கிவிட்ட அவ்வண்டியை மறித்து, எங்களை நோக்கித் திருப்பியிருக்கிறார்.

"ஏறு டீச்சர். நிலையத் தூக்குங்கப்பா."

"மாட்ட நடுரோட்டுல வுட்டுட்டு நான் எப்புடிங்க வர்றது? கால் வேற நோவுது அதுக்கு" என்றார் மருதை.

சாலையோர மண்மேட்டோடு சரக்குந்தின் பின்புறத்தை ஒட்டி நிறுத்தி இரு மாடுகளையும் ஏற்றினோம். மாட்டுவண்டியை அருகிலிருந்த தேநீர்க் கடையில் ஒப்படைத்தோம். மாடுகள் நிலையை மிதித்துவிடாதபடி காக்க, பின்புறத்தில் நானே நின்றேன். மூலைகளில் தங்கியிருந்த சிமெண்டுத்தூள் காற்றில் எழுந்து, நிலையும் மாடுகளும் நானும் ஒரே நிறமானோம்.

வாயிலில் விருந்தினர் திரண்டிருந்தனர். முதலில் இறங்கியவை மாடுகள். புதுமனைக்குள் பசுவை அழைக்கும் வழக்கத்தை எண்ணி, என் நாத்தனார் மஞ்சள் குங்குமத்தட்டோடு ஓடிவந்து இரண்டுக்கும் பொட்டிட்டார்.

"அட, இது காளையில்ல?"

"ஆமா" என்றார் மருதை.

"கூட ஒரு ஆளு வெள்ளையா நிக்கிறாரே, யாரு?"

"நான்தான்" என்றேன்.

பத்து மணி இருபது நிமிடத்துக்கு நிலை நின்றது. கால்நடை மருத்துவர் பார்த்தபின் மாடும் சில நாளில் எழுந்து நடந்தது.

அவ்வீடு இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. கத்திரி வெயிலிலும் உள்ளே தண்ணென்றிருக்கும். ஆலை நண்பர்களை அழைத்துவந்து தூண்களைத் தட்டிக்காட்டுபவர் கணவரே. "எங்க கரையான்? காட்டுங்கடா பாப்போம்" என்று அவர் கேட்கையில் எனக்கு எழும் பெருமிதத்தை எந்த உரைநடையும் தாங்காது. எம் குடும்பத்தில் எவரேனும் எளிய வேலையைச் சிக்கலாக்கினால், "மாட்ட லாரியில ஏத்தாத" என்பதே இன்றுவரை வழங்கும் கண்டனம்.

வெறுமையாய்த் திரும்பிய சரக்குந்தின் புகையில் எத்துணைப் பங்கு என்னைச் சாரும், சாலையில் காத்து நின்றவற்றின் புகை எவரைச் சாரும் என்பன எனக்கு விளங்கவில்லை. எழுதியதைக் கணவரிடம் படிக்கக் கொடுத்தேன். "வெற்றுச் சரக்குந்து ஒன்று எங்கள் அருகே நின்றது" என்னுமிடத்தின் ஓரத்தில், "நான்தான் வந்தேன்" என்று மட்டும் குறித்துத் தந்தார். அத்திருத்தத்தை ஏற்கிறேன். ஏனைய பிழைகளை வாசகப் பெருமக்கள் சுட்டிக்காட்டித் திருத்த வேண்டுகிறேன்.