தும்மலையும் மொழிபெயர்த்த வரலாறு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காள் மகன், சீனவியலில் ஆறாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவன், தலை நிமிராமல் எழுதிக்கொள்வது. இங்கு உடம்பு மட்டும் நலம். அங்கு தாங்களும் அத்தையும், புதிதாக வந்த மடித்து ஒட்டும் இயந்திரமும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

போன வாரம் உங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் முதலாளி எல்லோர் முன்னிலையிலும் தங்கள் கையைப் பிடித்துக் குலுக்கி, "வெறும் ஸ்டோர் கீப்பர்னு நெனச்சேன்யா, வீட்ல ஒரு சீன அறிஞனையே வச்சிருக்கியே" என்றதும் தாங்கள் கண் கலங்கினீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். மாமா, எனக்குச் சீனம் பேச வராது. ஆறு வருடமாக நான் படிப்பது எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய அரசாங்கத் தானியக் கிடங்குகளின் ஆய்வு அறிக்கைகள். எந்த மூட்டையில் எலி புகுந்தது, கூரை எங்கே ஒழுகியது, அதற்கு எந்த அதிகாரி என்ன சாக்குச் சொன்னார் என்று கேளுங்கள், அகராதியும் ஒரு வாரமும் கொடுத்தால் ஒரு பக்கத்தைப் படித்துச் சொல்லிவிடுவேன். அந்த அதிகாரிகள் யாரும் திருப்பிப் பேச மாட்டார்கள். அந்த வசதிக்காகத்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன். தாங்களோ பார்த்தவர்களிடமெல்லாம், "நம்ம மாப்ள சீனாக்காரன்கூட சரளமாப் பேசுவான்" என்று சொல்லி வந்தீர்கள். நான் பேசாமல் நின்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நம்பிக்கையில்தான் முதலாளி ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளரை வர வேண்டாம் என்று சொல்லவைத்து என்னை வரவழைத்தீர்கள். புது இயந்திரத்தைச் சரிசெய்யச் சீனாவிலிருந்து வந்த மெக்கானிக் முதல் காரியமாகத் தன் கைப்பேசியை எடுத்து, பேசினால் தமிழாக்கித் தரும் செயலியைத் திறந்தார். தாங்கள் அதை அவர் கையாலேயே பைக்குள் போடவைத்து, "அதெல்லாம் எதுக்கு சார், நம்ம மாப்ள இருக்கான்ல" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நலம் விசாரித்திருக்கலாம். நான் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். எனக்குத் தெரிந்த நடையில்தானே எழுத முடியும்? தமிழில் சொன்னால், 'நெடுந்தொலைவு கடந்து வந்த பெருந்தகையீர், இப்பொறி உற்ற பிணி யாதோ, அடியேன் அறியலாகுமோ' என்று வரும். அவர் அதை இரண்டு முறை படித்தார். அப்புறம் உங்களைப் பார்த்தார். நீங்க அப்ப பல்லெல்லாம் தெரிய நின்னுட்டிருந்தீங்க மாமா. அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அதன்பின் மூன்று நாள் அவர் எதைச் சொன்னாலும் நான் முதலாளி பக்கம் திரும்பி, உருளை சூடாகணுமாம், பசை இறுகணுமாம், பொறுமை வேணுமாம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இரண்டாம் நாள் ஃபோர்மேன் என் காதருகே வந்து, "தம்பி, இப்ப அவரு தும்முனாருல்ல? அதுக்கா இவ்ளோ சொன்னீங்க?" என்றார். சீன மொழி சுருக்கமானது என்றேன். "அப்ப சளி புடிச்சா ஒரு புஸ்தகமே வரும்போல" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பெட்டிகள் ஒரு பக்கம் ஒட்டாமல் வாயைப் பிளந்துகொண்டு வந்தனவே, அதைச் சரிசெய்ததும் அவர்தான். மெக்கானிக் ஒரு திருகை விரலால் காட்டினார், ஃபோர்மேன் திருகினார், இருவரும் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டார்கள். அந்த நேரத்தில் நான், 'கம்பெனியைக் கேட்டுத்தான் சொல்ல முடியுமாம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி ஒட்டி வந்தது. எல்லாரும் எனக்குக் கை தட்டினாங்க.

கார் ஏறும் முன் மெக்கானிக் தன் கைப்பேசியில் எதையோ தட்டி என்னிடம் நீட்டினார். திரையில் நல்ல தமிழில் இருந்தது: 'உங்கள் எழுத்து மிகவும் அழகு. என் தாத்தாவின் தாத்தாவாக இருந்தால் பதில் எழுதியிருப்பார். உங்கள் மாமா மிகவும் சந்தோஷமாக இருந்தார். அதனால் தலையாட்டினேன்.' வாசலில் நின்ற தாங்கள், "என்னடா, பாராட்டுறாரா?" என்றீர்கள். ஆமாம் என்றேன். மூன்று நாளில் நான் ஓரளவு சரியாக மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.

ஆகவே மாமா, முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மருமகன் ஏமாற்றிவிட்டான் என்றே சொல்லுங்கள், தங்களுக்கு எதுவும் தெரியாது என்பதும் உண்மைதானே. ஃபோர்மேன் கையையும் ஒருமுறை குலுக்கச் சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம். அம்மாவுக்கு மட்டும் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

தங்கள் ஆசியைக் கேட்கவும் கூசுகிற,
மருமகன்

பி.கு.: உறையை ஒட்டும்போது தங்கள் ஃபோன் வந்தது. "மாப்ள, ரெண்டாவது மிஷின் வாங்க முதலாளி சீனாவுக்கே போறாராம். கூட உன்னத்தான் கூட்டிட்டுப் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. முடியும்ல?" என்றீர்கள். பக்கத்தில் முதலாளி சிரிப்பதும் கேட்டது. "முடியும் மாமா" என்று சொல்லிவிட்டேன். எனவே இந்தக் கடிதம் தங்களுக்கு வராது. என் ஆய்வேட்டின் இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் செருகி வைக்கிறேன். என் வழிகாட்டி உட்பட இதுவரை யாரும் அங்கே வந்ததில்லை.