ஏறும் ஆமென்

"ஏங்க, கொசு உள்ள வந்துடுச்சா?" என்று அடுக்களையிலிருந்து ஷாரோன் கேட்டாள்.

"கொசு இல்லம்மா. ஜோசுவா ஐயா ஆமென் சொல்றாரு," என்றான் அவள் கணவன் தாவீது, கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல்.

சபையின் பழைய பாடகர் ஜோசுவா ஐயா தாமே இயற்றிப் பாடிய பாட்டு ஒரு பழைய கேசட்டில் இருந்தது. கடைசி ஆமென்னில் அவர் குரல் ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு மேலே மேலே போகும். பாடிய மறுவாரமே அவர் இறந்துபோனார். ஆத்துமா பரலோகம் ஏறிய வழி அதுதான் என்று சபை நம்பியது. முப்பது வருடமாக, ஞாயிறுதோறும், தொண்டை நரம்பு புடைக்க எல்லோரும் அதே மாதிரி ஏறினார்கள்.

இப்போது சபைக்கு நூற்றாண்டு விழா. செயலாளர் கிறிஸ்டோபர் கறாராகச் சொல்லியிருந்தார்: "சாயந்தரம் ஆறு மணிக்கு கமிட்டி. பாட்டை ஸ்வரமா கம்ப்யூட்டர்ல எழுதி, அதையே பாட வச்சுக் காட்டு. ஐயாவோட ஆமென் அச்சு அசலா வந்தா நம்ம குழு பாடட்டும். இல்லாங்காட்டி மெட்ராஸ் குழுவுக்குச் சொல்லிடுவேன்பா."

தாவீதின் பாடகர் குழுவில் பன்னிரண்டு பேர். ஆறு மாதமாகப் பயிற்சி.

மணி மூன்று. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே சாய்கோடு போட்டால் குரல் வழுக்கவில்லை, படிப்படியாகத் தாவியது. இது தாவீதுக்குப் பழகிய தொல்லைதான். பட்டுச் சேலைக்குக் கணினியில் டிசைன் போடுவது அவன் பிழைப்பு. கட்டத்தில் வளைவு வரைந்தால் படிக்கட்டாகத் தெரியும். கட்டத்தைச் சிறிதாக்கினால் வளைவாகிவிடும். இங்கேயும் ஸ்வரங்களை அப்படியே நுணுக்கினான். அதில் வந்ததுதான் அந்தக் கொசுச் சத்தம்.

ஏற்றத்தைச் சற்றுத் தாமதமாகத் தொடங்க வைத்தான். ஐயாவுக்கு விக்கல் எடுத்தது. வேகத்தைக் கூட்டினான். எதிர்வீட்டுப் பூவம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுதே, யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவலக்கா."

"அப்ப ஏம்பா உன் மூஞ்சி இப்படி இருக்குது?"

அவளை அனுப்பிவிட்டுத் தாவீது மறுபடி கணினி முன் உட்கார்ந்தான். சுருதி ஏறும் கோட்டைக் கையாலேயே வரைந்து பார்த்தான். ஐயா அழகாக ஏறினார். கூடவே அதே வரியில் எழுதியிருந்த கீழ்க்குரல்காரர்கள் நாலு பேரும் ஏறினார்கள். ஏற்றிய சுருதியை இறக்க மறந்துவிட்டான். மறுபடி போட்டபோது முதல் வரியே உச்சத்தில் கீச்சிட்டது.

ஷாரோன் காபியை வைத்தாள். "சபை மொத்தமும் பரலோகம் போயிடுச்சு. நீங்க மட்டும் இங்கயே குந்திக்கினு இருக்கீங்க."

ஐயாவின் குரலைத் தனி வரிக்கு மாற்றினான். கேசட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டான். முதலில் நகர்வதே தெரியாமல், பாதியில் துணிந்து, கடைசியில் விருட்டென்று ஏறியது அந்தக் குரல். கோட்டை அதன் போக்கிலேயே வளைத்தான். ஐந்தரை மணிக்கு ஐயா கணினிக்குள்ளிருந்து பாடினார். தாவீதுக்குக் கண் எரிந்தது. அழுகையா அசதியா என்று தெரியவில்லை.

ஆறு மணிக்கு, ஊரில் எந்த விழாவுக்கும் மைக் செட் கட்டும் முனிசாமி, சபை மண்டபத்தில் ஒயரைச் செருகிக் கொடுத்தார். ஆமென் ஏறியது. கமிட்டி முழுவதும் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"ஐயாவேதாம்பா!" கிறிஸ்டோபரின் குரல் உடைந்தது. "நம்ம குழுவே பாடட்டும். நூற்றாண்டுக் கல்லுல இந்த ஸ்வரத்தையே வெட்டச் சொல்லிடறேன். ஒரு இம்மியும் மாறக் கூடாது."

தாவீது நாற்காலியில் சரிந்தான்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த முனிசாமி தலையைச் சொறிந்தார். "அன்னைக்கு கேசட்டுல பதிவு பண்ணது நான்தாம்பா. ஆமென் சொல்லச் சொல்ல என் டேப்புல பேட்டரி செத்து மோட்டார் மெதுவாயிடுச்சு. மெதுவா ஓடிப் பதிஞ்சதைப் புதுப் பேட்டரி போட்டு வேகமா ஓட்டுனா குரல் இப்படித்தான் மேல ஓடும். ஐயா, பாவம், கடைசி வரைக்கும் ஒரே சுருதியிலதான் நின்னாரு!"