கையுறை அனுப்ப வேண்டாம்

மஹய்யாவ, கண்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் ரமேஸுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. கொழும்பில் நீங்களாவது கை கால் சேதமில்லாமல் இருக்கக் கதிர்காமக் கந்தன் அருள்புரியட்டும். வட்ஸ்அப்பில் பேசினால் உங்கள் அக்கா காதில் விழும் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

உங்கள் மருமகன் திலக்ஷனின் பிறந்தநாளுக்குக் கோல் கீப்பர் கையுறை அனுப்பினீர்களே, அன்றைக்குப் பிடித்தது சனியன். அதைப் போட்டுக்கொண்டு வருகிற பந்துக்கும் பாய்ந்தான், வராத பந்துக்கும் பாய்ந்தான், கடைசியில் பந்து வலைக்குள் போனது, இடது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் வரிசை முழுக்கப் பந்தடிக்கிற பையன்கள், எல்லாருக்கும் கைதான். காலால் ஆடுகிற ஆட்டத்தில் கை ஏன் உடைகிறது என்று டாக்டரிடம் கேட்டேன். "விழும்போது கையத்தானே ஊணுவாங்க" என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார். உங்கள் அக்கா நிஷாந்திக்கு அதில் நம்பிக்கை இல்லை. கெலிஓயாவில் எலும்பு முறிவு பார்க்கிற நாட்டு வைத்தியர் வெதமாத்தயாவிடம் எண்ணெயும் கசாயமும் வாங்கி வந்தாள். கட்டை அவிழ்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவிழ்க்கவில்லை, காலையும் மாலையும் கட்டுக்குள்ளேயே ஊற்றினாள். கட்டு தேத்தண்ணியில் ஊறிப்போன பாண் துண்டு மாதிரி ஆனதும் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் மோந்து பார்த்து, "இதத் தாளிச்சது யாரு?" என்றார். நிஷாந்தி என்னைப் பார்த்தாள். ஏச்சு எனக்குக் கிடைத்தது.

"இனிப் பந்தே கிடையாது" என்று திலக்ஷனிடம் சொன்னேன். அவன் அழவில்லை. கையுறையை அலுமாரியில் வைத்துவிட்டு, "சரிப்பா" என்றான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, மச்சான். இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். நேற்றுப் பின்னேரம் அவனையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய், பயிற்சி கொடுக்கும் நபீல் சேரிடம் பெயரை வெட்டச் சொன்னேன். "விழுறது தப்பில்ல, கைய ஊண்டாம தோளால உருண்டு விழோணும். அதத்தான் இனிப் பழக்கப் போறேன்" என்று கெஞ்சினார். நான் மசியவில்லை.

ஆகவே கையுறை, பந்து, சப்பாத்து எதையும் இனி அனுப்ப வேண்டாம். கரம் போட் அனுப்புங்கள். அதில் நகத்துக்கு மேல் சேதம் வராது.

சகல சௌபாக்கியங்களும் உறுதியான எலும்புகளும் பெற்று வாழ வாழ்த்தும்,
கஜேந்திரன்

பி.கு.: கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது திலக்ஷன். 'சரிப்பா' வந்த இடத்தில் சற்று நிறுத்தித்தான் எழுதினான். அவனுக்கு உடைந்தது இடது கை, எனக்கு வலது. நேற்று நபீல் சேரோடு வாதாடிக்கொண்டிருக்கும்போதே ஆளில்லாத கோலை நோக்கி ஒரு பந்து போனது. என்ன நினைத்தேனோ, பாய்ந்துவிட்டேன். பந்தைப் பிடித்துவிட்டேன், மச்சான். திலக்ஷன் ஓடி வந்து கட்டுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டான். பெயரை வெட்ட வேண்டாம் என்று படுத்தபடியே சேரிடம் சொல்லிவிட்டேன். கரம் போட் வேண்டாம். கையுறை அனுப்புங்கள், பெரிய அளவில் ஒரு சோடி. உங்கள் அக்கா காலையிலேயே கெலிஓயா பஸ் ஏறிவிட்டாள்.